அம்மாவின் ஐந்து ‘ம்’

என் அலமாரியின் நடுத்தட்டில் நான்கு நோட்டுகளை அடுக்கி வைத்திருந்தேன். நீல அட்டை ஜப்பானியம், சிவப்பு கொரியம், மஞ்சள் ஸ்பானியம், பச்சை மெண்டரின். எல்லா நோட்டிலும் முதல் பக்கத்து எழுத்து முத்து முத்தாக இருக்கும். பத்தாம் பக்கத்தில் சாயத் தொடங்கும். இருபதாம் பக்கத்தை ஒட்டி நின்றுவிடும். அதற்கப்புறம் வெறும் தாள்தான். அம்மா அந்த வெறுந்தாள்களைக் கிழித்து மளிகைப் பட்டியல் எழுதுவார். எங்கள் வீட்டுப் புளியும் கடுகும் ரொம்ப நாளாக ஸ்பானிய நோட்டின் தயவில்தான் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தன.

நான் எந்த மொழியையும் வகுப்புக்குப் போய்ப் படித்ததில்லை. கைப்பேசியில் ஒரு செயலி, இலவசக் காணொளிகள், பழைய புத்தகக் கடையில் கிடைத்த பாடநூல், இவ்வளவுதான் என் பள்ளிக்கூடம். தொடக்கம் எப்போதும் அமர்க்களமாக இருக்கும். ஜப்பானிய வாக்கியத்தில் வினைச்சொல் தமிழில் போலவே கடைசியில் வந்து உட்கார்ந்ததைப் பார்த்த அன்று, வெளியூரில் சொந்தக்காரரைக் கண்டுபிடித்த மாதிரி துள்ளினேன். பிறகு சீன எழுத்துகள் வரிசையாக வந்தன, துள்ளல் அடங்கிவிட்டது. கொரிய எழுத்தை ஒரே வாரக் கடைசியில் வாசிக்கப் பழகினேன். வாசித்தேனே தவிர, என்ன வாசிக்கிறேன் என்று தெரியவில்லை. ஸ்பானியத்தில் நாக்கை உருட்டிச் சொல்லும் ‘ர’வெல்லாம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் ஜொகூரில் யாரிடம் போய் ஸ்பானியம் பேசுவது? பக்கத்து வீட்டுப் பூனையிடம் பேசினேன். அது மரியாதையாகக் கேட்டுவிட்டு மதில் ஏறிப் போய்விட்டது. மெண்டரின் பேச ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நான் ஒரு வாக்கியம் சொன்னால் போதும், “நல்லாப் பேசுற லா!” என்று மலாயில் பாராட்டிவிட்டு, மிச்சத்தையும் மலாயிலேயே முடித்துவிடுவார்கள்.

வேலை எனக்குச் சிங்கப்பூரில், ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பது. வீடு ஸ்கூடாய் பக்கம் ஒரு தாமான் குடியிருப்பில், ஒற்றை மாடி வரிசை வீடு. விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்தால், மலேசியாவிலிருந்து சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தில் எறும்புச் சாரை மாதிரி எல்லோரும் ஊர்ந்துகொண்டிருப்போம். அந்த ஒரு மணி நேரம்தான் என் வகுப்பு. ஹெல்மெட்டுக்குள் பேசுவது வெளியே கேட்காது என்ற நம்பிக்கையில், காதில் ஓடும் பாடத்தோடு நானும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு போவேன்.

இப்படி ஒரு மொழியைத் தொட்டு ஒன்றை விட்டுச் சுகமாக இருந்தேன். என் மொழி எதுவும் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அண்ணன் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் வாய் திறக்கும்வரை.

அண்ணனும் சிங்கப்பூரில்தான் வேலை செய்கிறார், குளிர்சாதனம் பழுதுபார்க்கும் டெக்னீஷியன். அங்கே ஒரு முதியோர் இல்லத்துக்கு அடிக்கடி வேலைக்குப் போனவர், அங்கே பராமரிப்பு வேலை செய்யும் தாய்லாந்துப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாகச் சொன்னார். அம்மா ஒரு வாரம் அண்ணனிடம் பேசவில்லை. பிறகு அந்தப் பெண்ணே ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்து, எண்ணெய் போட்டு நீவியும் விட்டுப் போனார். அதன் பிறகு அம்மா, “பொண்ணு நல்ல பொண்ணுதான்” என்றார். காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அப்பாவுக்கு மட்டும் சயாம் என்றால் ஒன்றுதான் நினைவுக்கு வரும். ஜப்பான்காரன் காலத்தில் ரயில் பாதை போட அவருடைய தாத்தாவைச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. அப்பா, “நம்ம ஆளு ஒருத்தர் அங்க போய்த் திரும்பல. அங்கிருந்து ஒருத்தங்க இங்க வரட்டும்” என்றார். அவர் பங்குக்கு அதுதான் சம்மதம்.

சம்மதம் சொல்லாதவர் அந்தப் பக்கத்தில் ஒருவர் இருந்தார். பெண்ணின் அம்மா. தெற்குத் தாய்லாந்தின் ஹட்யாயில் சோறும் குழம்பும் விற்கும் சின்னக் கடை வைத்திருப்பவர், கணவர் இல்லை, ஒரே மகள். அவர் மகளிடம் சொன்னது இதுதான்: “நான் வந்து அந்த வீட்டைப் பார்க்கிறேன். அந்த வீட்டில் உன்னிடம் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். எனக்குச் சரியாகப் படவில்லை என்றால் நீ என்னோடு ஊருக்கு வந்துவிட வேண்டும்.” மகளும் சரி என்றுவிட்டார். அண்ணன் முகம் உப்பில்லாத ரசம் மாதிரி ஆகிவிட்டது.

நேராக என் அறைக்கு வந்தார்.

“ஏய் வாயாடி, உனக்குத்தான் மொழின்னா பைத்தியமாச்சே. ரெண்டு மாசத்துல சயாம் பேசிருவதானே?”

“ரெண்டு மாசமா? அண்ணே, நான் ஜப்பான் மொழிய ரெண்டு வருஷம் படிச்சு ‘இது பேனா’வுல நிக்கிறேன்.”

“பேனா வேணாம்மா. ‘எங்க அண்ணன் நல்லவரு’, அது மட்டும் சொல்லு.”

“பொய் சொல்ற அளவுக்குப் படிக்கணும்னா மூணு மாசம் ஆகும்.”

அவர் சிரிக்கவில்லை. அப்போதுதான் விஷயம் எவ்வளவு கனமானது என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கே ஓர் ஆரஞ்சு அட்டை நோட்டு வாங்கினேன். அம்மா அதைப் பார்த்துவிட்டு, “இன்னொண்ணா? பரவால்ல, ஸ்பானிஷ் தாளும் தீரப் போகுது” என்றார்.

வேலை இடத்தில் ஒரு தமிழ் அக்காவிடம், “அக்கா, நான் தாய் மொழி படிக்கிறேன்” என்றேன். “இப்பதானாடி?” என்றார் அவர்.

எழுத்து என்னைப் பயமுறுத்தவில்லை. நம் ‘கெ’, ‘கே’யில் கொம்பு முன்னால் வந்து நிற்கிற மாதிரியே அவர்களுக்கும் சில உயிர்க்குறிகள் மெய்க்கு முன்னால் நிற்கின்றன. ஆங்கிலேயர் நடத்தும் காணொளிகளில் இதை மகா கஷ்டம் என்று புலம்புகிறார்கள். நான் காலை ஆட்டிக்கொண்டே கடந்துவிட்டேன். கொம்பில் தேறியவள் சுரத்தில் விழுந்தேன்.

அந்த மொழியில் ஒரே அசையை ஐந்து சுரங்களில் சொல்லலாம், ஐந்துக்கும் வேறு வேறு பொருள். புலி, பாய், சட்டை, மூன்றும் நம் காதுக்கு ஒரே சொல்தான். சோறும் வெள்ளையும் செய்தியும் இன்னொரு சொல். கிட்டே, தூரம் இரண்டும் ஒன்று. நேர் எதிர்ப்பொருள் கொண்ட இரண்டு சொற்களுக்கு ஒரே ஒலியைக் கொடுத்துவிட்டு எப்படி இவர்கள் ஊர் போய்ச் சேருகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் பேசுவதைக் கேட்டு எழுதிக் காட்டும் செயலியில் ‘நான் சோறு சாப்பிட்டேன்’ என்றேன். அது ‘நான் வெள்ளை சாப்பிட்டேன்’ என்று எழுதியது. இன்னும் அழுத்திச் சொன்னேன். ‘நான் செய்தி சாப்பிட்டேன்’ என்றது. பாலத்தில், ஹெல்மெட்டுக்குள், புலி பாய் சட்டை புலி பாய் சட்டை என்று கத்திக்கொண்டே போனதில் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் கண்ணாடியைத் தூக்கி, “ஓகேவா?” என்று கேட்டார். ஹெல்மெட்டைப் பற்றிய என் நம்பிக்கை அன்றோடு போயிற்று.

ஆளோடு பேசிப் பழகினால்தான் ஆகும் என்று தாமான் முனையில் சயாம் சாப்பாடு விற்கும் தொம்யாம் கடைக்குப் போனேன். அங்கே சமைக்கும் அண்ணன் தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர். நான் மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை எடுத்து விட்டேன். அவர் திரும்பித் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். பிறகு மலாயில் சொன்னார்: “எங்க வீட்ல மலாய்தான் லா பேசுவோம். ஸ்கூல்லதான் சயாம். நீ ஏன் சண்டைக்கு வர்ற?”

“நானா? சோறு இருக்கான்னுதானே கேட்டேன்!”

“‘சோறு எங்கடா’ன்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. கேள்வி கேக்கறப்ப குரலத் தூக்காத. உன் கோவம், சந்தோஷம் எதையும் பாட்டுல போடாத. பாட்டு வார்த்தைக்குச் சொந்தம், உனக்கில்ல.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன். பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. தமிழில் ராகம் நம் கையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் ஏற்றுவோம், சலித்தால் இறக்குவோம், செல்லம் கொஞ்ச இழுப்போம். ‘வந்தியா’வை எந்த ராகத்தில் சொன்னாலும் அது ‘வந்தியா’தான். அங்கே நான் ஆசையாகக் குரலை ஏற்றினால் பாய் புலியாகிவிடுகிறது. இருபத்து நான்கு வருஷப் பழக்கத்தை எப்படி இரண்டு மாதத்தில் விடுவது? பதினெட்டாம் பக்கத்தில் இருந்தேன். இருபது கண்ணுக்குத் தெரிந்தது.

என்னைக் காப்பாற்றியது சிகாமட்டில் இருக்கும் பெரியம்மா. பெரியம்மா தினமும் சாயங்காலம் அம்மாவுக்கு அழைத்து முக்கால் மணி நேரம் பேசுவார். அம்மா அதில் பேசுவது ஓரெழுத்துதான்: ‘ம்’. ஒரு சாயங்காலம் நான் சோபாவில் நோட்டோடு சோர்ந்து கிடந்தேன். பெரியம்மா ஆற்றில் தண்ணீர் ஏறுவதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

“ம்” என்றார் அம்மா, தரை மாதிரி சமமாக. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லு.

“ம்”, அடிக்குரலில். எனக்கு இது பிடிக்கல.

“ம்?”, கீழிருந்து மேலே. என்னது, திரும்பச் சொல்லு.

“ம்!”, உச்சியில். அப்படியா சங்கதி!

“ம்ம்”, மேலிருந்து இறங்கி வந்து உட்கார்ந்தது. சரி, அப்படியே செய்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். சமம், தாழ்வு, ஏற்றம், உயர்வு, இறக்கம். எங்கள் கூடத்தில், ரப்பர் செருப்பு போட்ட ஒரு பெண்மணியின் மூக்கிலிருந்து, பாடநூலில் உள்ள ஐந்து சுரமும் பிசகில்லாமல் வந்துகொண்டிருந்தன. கைப்பேசியை எடுத்துப் பதிவு செய்தேன். அம்மா பார்த்துவிட்டார்.

“என்னடி ரெக்கார்ட் பண்ற?”

“ஒண்ணுமில்லமா, நீங்க பேசுங்க. பெரியம்மா நல்லா இருக்காங்களா?”

“ம்” என்றார். அடிக்குரல். பத்திரமாகப் பதிவாகியது.

அதன் பிறகு நோட்டில் ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் அம்மாவின் ‘ம்’ ஒன்றை எழுதினேன். புலிக்கு ‘என்னது’ ம். பாய்க்கு ‘பிடிக்கல’ ம். சட்டைக்கு ‘சரி செய்’ ம். சோறும் அதே ‘சரி செய்’ ம்தான், சோற்றுக்கு வேறெது பொருந்தும்? முதலில் வாயை மூடிக்கொண்டு ‘ம்’ சொல்வேன், அந்த ராகத்தின் மேல் சொல்லைத் தூக்கி வைப்பேன். தொம்யாம் கடை அண்ணன் ஒரு வாரம் கழித்து, “இப்ப சண்டை இல்ல. ஆனா ஏன் ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாடியும் மாடு மாதிரி முனகுற?” என்றார். இருபதாம் பக்கத்தைத் தாண்டியதை நான் கவனிக்கவேயில்லை.

பெண்ணின் அம்மா வருவதற்குள் ஐம்பது வாக்கியங்கள் தயார் செய்தேன். வீட்டைப் பற்றி, அண்ணன் வேலையைப் பற்றி, தனியறை உண்டு, பக்கத்தில் சந்தை உண்டு. எல்லாம் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி வைத்தேன். அண்ணி... அப்படித்தான் நான் மனதுக்குள் கூப்பிடத் தொடங்கியிருந்தேன். அவர் கூடவே இருந்து மொழிபெயர்ப்பதாகத்தான் திட்டம். நான் சும்மா மாப்பிள்ளை வீட்டு மரியாதைக்கு. ஆனால் வருகைக்கு முதல் நாள், அவர் வேலை இடத்தில் ஒருவர் நோயில் படுத்துவிட, அண்ணியின் லீவு ரத்தானது. சனிக்கிழமை சாயங்காலம்தான் வர முடியும் என்றார். அவருடைய அம்மாவோ சனிக்கிழமை காலையிலேயே பேருந்தில் வந்து இறங்குகிறார்.

“அலமாக்” என்றேன். “அண்ணே, உங்களுக்கு எத்தனை வார்த்தை தெரியும்?”

“பத்து. பத்தும் சாப்பாடு.”

லார்க்கின் பேருந்து நிலையத்தில் அண்ணனும் நானும் காத்திருந்தோம். இறங்கியவர் குள்ளமாக, குட்டை முடியோடு, கையில் துணிப்பையோடு இருந்தார். எங்களைக் கண்டதும் கை கூப்பினார். நாங்களும் கூப்பினோம். அந்த ஒரு நிமிடத்துக்கு மொழி தேவைப்படவில்லை. காரில் அவர் ஏதோ கேட்டார். வீடு தூரமா என்று பிடிபட்டது. பக்கம்தான் என்று சொல்ல ‘சரி செய்’ ம்மை நினைத்தேன், பதற்றத்தில் குரல் சமமாகப் போய்விட்டது. ரொம்ப தூரம் என்று எடுத்துக்கொண்டு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் எங்கள் வாசலில் கார் நின்றதும் விழித்துப் பார்த்தவர், என்னைத் திருத்தினார். நான் திருப்பிச் சொன்னேன். தோளில் தட்டி, “லூக்” என்றார். பிள்ளை என்று பொருள். இந்தப் பரீட்சை எளிதாகத்தான் இருக்கும் போல என்று நினைத்துவிட்டேன்.

எங்கள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எச்சில் விஷயத்தில் அவர் கறார். தண்ணீர்ப் போத்தலில் வாய் வைத்துக் குடித்தால் அந்தப் போத்தல் செடிக்குப் போய்விடும். ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்தால், அது சின்னப் பிள்ளையாக இருந்தாலும், கையில் ஒரு தட்டு விழும். அவர் விருந்து வைப்பதும் அவருக்குத் தெரிந்த ஒரே முறையில்தான். வந்தவர் முதலில் சாப்பிட வேண்டும், வீட்டார் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டுப் பரிமாற வேண்டும், வந்தவர் கை கழுவிய பிறகுதான் நாங்கள். அன்று சனிக்கிழமை என்பதால் சைவம். சாப்பாட்டு மேசையில் ஒரே ஒரு வாழையிலை, அதன் விளிம்பில் பரங்கிக்காய், வாழைக்காய் வறுவல், கீரை, கூட்டு, அப்பளம், பாயசம். ஒரு கரண்டியும் முள்கரண்டியும் பக்கத்தில். விருந்தாளியை உட்கார வைத்தோம். அம்மா கையில் சாம்பார் வாளி. அப்பா கையில் தண்ணீர்க் குவளை. அண்ணன் பாயசத்தோடு. நாற்காலிக்குப் பின்னால் நான், பையில் ஐம்பது அட்டைகளோடு.

அவர் ஒரு வாய் சாப்பிட்டார். நிமிர்ந்து பார்த்தார். நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். இரண்டாவது வாய். மறுபடியும் நிமிர்ந்தார். அம்மா, “கேளுடி, இன்னும் கொஞ்சம் வைக்கவான்னு” என்றார். நான் கேட்பதற்குள் அவர் கரண்டியை இலை ஓரத்தில் வைத்துவிட்டு என்னிடம் வேகமாக ஏதோ கேட்டார். புரியவில்லை. மெதுவாகத் திரும்பக் கேட்டார். நீங்கள் என்னோடு சாப்பிட மாட்டீர்களா?

ஐம்பது அட்டையிலும் இதற்குப் பதில் இல்லை. சந்தை பக்கத்தில் இருக்கிறது, தனியறை இருக்கிறது. யாரும் சேர்ந்து சாப்பிட மாட்டீர்களா என்று கேட்பார் என நான் எப்படி நினைத்திருப்பேன்? மூளையைத் துழாவினேன். ‘ப்ரபேனி’ என்ற சொல் கையில் அகப்பட்டது. வழக்கம், மரபு. அழகான சொல், சுரமும் சரியாகத் தெரியும். “இது எங்கள் ப்ரபேனி” என்றேன், பெருமையாக.

என் வாழ்நாளில் நான் அவ்வளவு சுத்தமாக ஒரு தாய்லாந்துச் சொல்லை உச்சரித்ததில்லை. அதனால்தான் அவ்வளவு சுத்தமாகப் புரிந்தது அவருக்கு: உங்களோடு சேர்ந்து உட்காராமல் இருப்பது எங்கள் வழக்கம். அவர் புன்னகைத்தார். “மாய் பென் ராய்” என்று மெல்லச் சொன்னார். பரவாயில்லை என்று பொருள், மனசு சுணங்கினாலும் அதையேதான் சொல்வார்கள். கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அண்ணன் குஷியாகிவிட்டார். “ஆங், மாய் பென் ராய்! நல்ல வார்த்தை. அவ எங்கிட்ட தினம் சொல்வா.”

“தினமுமா? அப்ப உங்க நிலைமை ரொம்ப மோசம் அண்ணே” என்றேன். அம்மாவின் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனேன்.

“அம்மா, உக்காருங்க. எல்லாரும் உக்காந்து சாப்பிடணும், இப்பவே.”

“என்னடி உளர்ற? வந்தவங்களுக்கு வயிறு நெறையல, நான் உக்காந்து அள்ளிப் போட்டுக்கவா? நாளைக்கு அவங்க ஊர்ல என்ன பேசுவாங்க?”

“உக்காரலன்னாதான் பேசுவாங்க. தன்னோட ஒண்ணா சாப்பிட நமக்குப் பிடிக்கலன்னு நெனச்சுட்டாங்க. அவங்க ஊர்ல எல்லாத்தையும் நடுவுல வச்சு ஒண்ணா சாப்பிடுவாங்கமா.”

“எல்லாரும் உக்காந்துட்டா யாரு பரிமாறுறது?”

“யாரும் வேணாம்.”

“ம்” என்றார் அம்மா. அடிக்குரல்.

“அம்மா, அவங்க மகள் இந்த வீட்ல தனியா நிக்கப் போறாளான்னு பாக்கத்தான் வந்திருக்காங்க. இப்ப அவங்களையே தனியா உக்கார வச்சிருக்கோம்.”

அம்மா சாம்பார் வாளியையும் என்னையும் பார்த்தார். பிறகு அடுக்கிலிருந்து நான்கு தட்டுகளை எடுத்தார்.

நாங்கள் நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். நான் ஆரஞ்சு நோட்டின் இரண்டாம் பக்கத்தில் இருந்த, எந்த அட்டையிலும் எழுதத் தேவையில்லை என்று விட்டிருந்த வாக்கியத்தைச் சொன்னேன். “கின் காவ் துவை கன்.” சேர்ந்து சோறு சாப்பிடலாம். சோறு சோறாகவே வந்தது, வெள்ளையாகவோ செய்தியாகவோ அல்ல.

அவர் முகம் விரிந்தது. கரண்டியை எடுத்தார். அதே கரண்டி, வாயில் வைத்த கரண்டி. தன் இலையிலிருந்து வாழைக்காய் வறுவலை அள்ளி, கை நீட்டி, எங்கள் அம்மாவின் தட்டில் வைத்தார்.

அப்பாவின் கை சோற்றில் அப்படியே நின்றது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அம்மா என்னைப் பார்த்தார். எனக்குச் சொல்லத் தெரியும், எச்சில் என்ற சொல்லைப் படித்திருக்கிறேன், எங்கள் வழக்கம் என்று விளக்கவும் முடியும். இனி விளக்கமே வேண்டாம் என்று பட்டது. நான் அப்பளத்தை உடைத்தேன்.

அம்மா அந்த வறுவலைச் சோற்றோடு பிசைந்து, வாயில் போட்டு, மென்று விழுங்கினார். “ம்ம்” என்றார். மேலிருந்து இறங்கி வந்தது.

“ம்ம்” என்றார் எதிரில் இருந்தவரும், அதே இறக்கத்தில்.

சாப்பிட்ட பிறகு இருவரும் என்னைக் கூடத்துக்குத் துரத்திவிட்டு அடுப்படியில் பாத்திரம் கழுவினார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ‘ம்’ ‘ம்?’ ‘ம்!’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தேன். ரசப்பொடி டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் அண்ணி வேலை உடையோடு ஓடி வந்தார். தாயும் மகளும் பேசினார்கள். மழை கொட்டுகிற வேகம், நான் பத்தில் ஒன்றைப் பிடித்திருந்தால் அதிகம். நாங்கள் பரீட்சை முடிவுக்கு நிற்பவர்கள் மாதிரி வரிசையாக நின்றோம். கடைசியில் அண்ணி ஆங்கிலத்தில் சொன்னார்: நாளை மதியம் தன் அம்மா சமைப்பார், எல்லோரும் உட்கார வேண்டும், அதன் பிறகுதான் பதில். அண்ணன் அன்று பாயசத்தைத் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை சந்தைக்கு அழைத்துப் போனேன். மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து அவர் முகம் சுளித்த விதத்தில் மீன்காரருக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, உள்ளே இருந்து வேறு மீன் வந்தது. மதியம் மேசை நடுவில் பொரித்த மீன், புளிக்குழம்பு, கீரை, மிளகாய்த் துவையல். ஒவ்வொரு கிண்ணத்திலும் தனியாக ஒரு கரண்டி.

அம்மா என் காதில், “பாத்தியா, எச்சில் படாம தனிக் கரண்டி வச்சிருக்காங்க! அப்ப நேத்து?” என்றார். நான் அண்ணியிடம் கேட்டேன். அண்ணி அவர் அம்மாவிடம் கேட்டார். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சாப்பாட்டுக் கிண்ணத்துக்குத் தனிக் கரண்டி அவர்களும் வைப்பதுதானாம். இலையில் அத்தனை வகையைப் பார்த்ததும் அதைப் பொதுவான தட்டு என்று நினைத்துவிட்டாராம். அதுவும் போக, எல்லோரும் உட்கார்ந்த சந்தோஷத்தில் கரண்டியைப் பற்றி யோசிக்கவே இல்லையாம்.

சாப்பிடத் தொடங்கினோம். அம்மா மீனைத் தன் தட்டில் போட்டு, கையாலேயே முள் பார்த்து எடுத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் எனக்கும் அண்ணனுக்கும் செய்வதுபோலத்தான். முள் நீக்கிய வெள்ளைச் சதையைத் திரட்டி, நடுவில் இருந்த எந்தக் கரண்டியையும் கண்டுகொள்ளாமல், தன் தட்டிலிருந்து தன் கையால் சம்பந்தியின் தட்டில் வைத்தார். அப்பா வாயைத் திறந்தார். மேசைக்கு அடியில் நான் அவர் காலை மிதித்தேன்.

சம்பந்தி அதைச் சாப்பிட்டார். தண்ணீர் குடித்தார். மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, மெதுவாக, நான் பிடித்துக்கொள்ளும் வேகத்தில் ஒரு வாக்கியம் சொன்னார். அண்ணி வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“இங்க மழை கம்மியான மாசம் எதுன்னு கேக்கறாங்க. சொந்தக்காரங்க எல்லாம் பஸ்ல வரணுமாம்.”

“ம்?” என்றார் அம்மா. பிறகு, “ம்!” பிறகு, “ம்ம்.”

எதிரில் இருந்தவர் அந்த மூன்றையும் கேட்டு மேசையைத் தட்டிச் சிரித்தார். அண்ணன் மட்டும், “என்ன, என்ன சொன்னாங்க, ஓகேவா?” என்று எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா அவர் தட்டில் பெரிய மீன் துண்டு ஒன்றை வைத்து, “சாப்பிடுடா மாப்ள” என்றார்.

சாயங்காலம் பேருந்துக்குக் கிளம்புமுன், அந்தப் புளிக்குழம்பை எப்படி வைப்பது என்று அம்மா கேட்டார். சம்பந்தி சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். பாதியில் அம்மா கையை நீட்டினார்.

“அந்த ஆரஞ்சு நோட்டக் குடு, ஒரு தாள் கிழிச்சு எழுதிக்கறேன்.”

“இதுல காலித் தாள் இல்லமா” என்றேன். “மெண்டரின் நெறைய இருக்கு, எடுத்துக்குங்க.”